ஒரு தலையசைப்பு

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அறைக்கு ஆட்கள் பேச வருவார்கள். அங்கே உட்கார்ந்து கேட்பதுதான் அந்த அம்மாவின் தொழில். வாசல் பலகையில் 'மனநல ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் "டாக்டரம்மா" என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க, மருந்தெல்லாம் எழுதித் தர மாட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். சரி சரி என்று கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சிலேயே மறுபடியும் டாக்டரம்மா என்பார்கள். கொஞ்ச நாள் போனபிறகு அவர்களே அவருக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். 'முன்னாடி மேடம்'.

பெயர் சும்மா வரவில்லை. மேடம் யாரையும் "ஏன்?" என்று கேட்கமாட்டார். "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி?" என்றுதான் கேட்பார். கீழே கடை வைத்திருந்த கணவர் ஒருமுறை இதைப் பற்றிக் கிண்டல் செய்தபோது மேடம் சொன்னார்: "ஏன்னு கேட்டா ஆளுங்க உடனே வக்கீலாயிடறாங்க. தனக்குத்தானே வாதாட ஆரம்பிச்சிடறாங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டாத்தான் மனுஷனாவே இருக்காங்க."

ஒருமுறை பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். "எனக்குப் பிறவிக் கோபம் மேடம், ரத்தத்துலயே இருக்கு" என்று தொடங்கினார். மேடம் ரத்தத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. கடைசியாக எப்போது கோபம் வந்தது என்று மட்டும் கேட்டார். முந்தின நாள் மாலை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்திருந்தார். அதற்கு முன்னாடி? கைகால் கழுவினார். அதற்கு முன்னாடி? செருப்பைக் கழற்றினார். அதற்கும் முன்னாடி?

"படியேறிக்கிட்டிருந்தேன். உள்ள சம்சாரமும் பிள்ளைங்களும் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு."

சொல்லிவிட்டு ஆசிரியரும் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அது கோபம் இல்ல மேடம்" என்றார். பிறகு என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மேடத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "வருத்தம்னு நினைக்கிறேன்" என்றார் ஆசிரியர். அந்த ஒரு வார்த்தைக்கு மேடம் ஒரு வாரம் காத்திருந்தார்.

தீர்ப்பு சொல்லக்கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒரே சட்டம். "நான் சொன்னா அது என் வார்த்தை, படியிறங்கறதுக்குள்ள உதிர்ந்துடும். அவங்க வாயால வந்தா வீடு வரைக்கும் கூடப் போகும்" என்பார். கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்க ஆசைப்படாதவர். வந்தவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அந்த இடமாக இருந்தால் போதும் என்று நினைத்தார். பல வருஷங்கள் அப்படித்தான் இருந்தார்.

பிறகு அவருடைய இடது காது மங்கத் தொடங்கியது.

முதலில் தொலைபேசியை வலது காதுக்கு மாற்றினார். பிறகு அறையில் தன் நாற்காலியை எதிர்ச் சுவரோரம் நகர்த்தி, வருகிறவர்கள் வலது பக்கம் உட்காரும்படி செய்தார். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கணவரிடம் காரணம் சொன்னார். உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். புரியாத இடங்களில் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையசைத்து, "ம்" என்றார். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. பேசுகிறவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது.

எல்லா நேரமும் ஒப்பேறவில்லை. வலது காதிலும் சில வார்த்தைகள் நழுவ ஆரம்பித்திருந்தன. வெளியூரில் இருந்த மகள் ஒருநாள் தொலைபேசியில், "குழந்தைக்கு மூணு நாளா காய்ச்சல்மா" என்றாள். "ரொம்ப நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்றார் மேடம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

கணவர் மட்டும் விடவில்லை. "கண்ணு மங்கினா என் கடைக்கு வர்றாங்க. விதவிதமா ஃபிரேம் மாட்டிப் பாத்து, கண்ணாடி முன்னாடி நின்னு பல்லைக் காட்டிட்டுப் போறாங்க. காதுக்கு ஒண்ணு வாங்கி மாட்டிக்கிறதுக்கு என்னவாம்?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் கல்யாணம் ஆனதுலேர்ந்து வாய்க்குள்ளயே பேசறீங்க."

"அது உங்கிட்ட பயந்துக்கிட்டு" என்பார் கணவர். பேச்சு அதோடு நின்றுவிடும்.

டிரைவிங் மாஸ்டர் அந்தச் சமயத்தில்தான் வந்தார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். கனத்த உடம்பு, கனத்த குரல். மேடத்தின் கணவரையே பழைய கார் ஒன்றில் ஏற்றி, "ஸ்டியரிங்கைப் பிடிங்க சார், தொங்காதீங்க" என்று திட்டியவர். அவரை அவர் மனைவி கிட்டத்தட்ட கையைப் பிடித்து இழுத்து வந்து படியேற்றிவிட்டுப் போனார்.

"கால்தான் பிரச்சனை மேடம்" என்றார் மாஸ்டர். கற்றுக் கொடுக்கும் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தவறு செய்தால் மட்டும் அதை மிதிக்க வேண்டும். இப்போது ஒன்றுமே இல்லாத நேரத்திலும் அவர் கால் அதை மிதித்துவிடுகிறது. நேர் சாலை, எதிரில் ஈ காக்கை இல்லை, வண்டி தடாலென்று நிற்கிறது. கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் அழுதேவிட்டாள். ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். "கால் என் பேச்சைக் கேக்கல. டாக்டர் எல்லாம் பாத்தாச்சு. நரம்பு நல்லாருக்காம்."

போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகும் வழியில் இறந்துபோயிருந்தாள். அதை அவர் போலீஸ்காரர் எழுதின மாதிரி சொன்னார். "காலையில மழை. பாப்பா கிளம்பினா. வளைவுல ஒரு லாரி திரும்பிச்சு. அவ்வளவுதான்." காலேஜ் போகிற பெண்ணை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல. எப்பவும் போலத்தான்."

எப்பவும் போல என்றால் எப்படி என்று கேட்டு, வாரங்கள் போயின. மாஸ்டர் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலையை ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்தார். அவர் கையில் டீ டம்ளர். மேசையில் மடித்த பேப்பர். வாசலில் பாப்பா, மழைக்கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பேசும்போது அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். அதை மேடம் கவனித்தார், சொல்லவில்லை.

ஒருநாள் அவர் அந்த இடத்துக்கு வந்தார். "அப்பா, கார்ல கொண்டு விடுங்களேன்னு கேட்டா. 'எத்தனை நாளைக்கு நான் உன் பின்னாலயே வர்றது? மழையிலயும் ஓட்டிப் பழகணும், நீயே போ'ன்னு சொன்னேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்றதுதான் மேடம். மழைக்குப் பயந்தா வண்டி ஓட்டவே முடியாது."

"அதைச் சொன்னப்போ குரல் எப்படி இருந்துச்சு? அப்படியே சொல்லிக் காட்டுறீங்களா?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். முதல் தடவை வகுப்பில் சொல்வதுபோல வந்தது. "இப்படியா?" என்றார் மேடம். மாஸ்டர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை "நீயே போ" என்கிற இடத்தில் குரல் மாறிப்போனது. கதவை முகத்தில் சாத்துகிற குரல். அதைக் கேட்டு மாஸ்டரே திடுக்கிட்டார்.

"அதுக்கு முன்னாடி?" என்றார் மேடம் மெதுவாக.

முந்தின மாலை. பாப்பாவுக்கு வெகுதூரத்து நகரம் ஒன்றில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் போட்டது, தேர்வு எழுதியது, எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கடைசியில்தான் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து. மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் எழுந்துபோய் டிவியைப் போட்டுக்கொண்டார்.

"தனியாப் போகணும்னுதானே இவ்வளவும் பண்ணினே, போ. அதான் மேடம் என் மனசுல இருந்துச்சு. மழையும் இல்ல, பயிற்சியும் இல்ல. அவளுக்குச் சுருக்குனு படணும்னு சொன்னேன்."

இப்படிச் சொன்னதும் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஜன்னல் மேடத்தின் இடது பக்கம். கீழே கணவர் கடையின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கடகடப்புக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மாஸ்டர் ஏதோ சொன்னார். மேடத்துக்குத் தோள் அசைவது மட்டும் தெரிந்தது. மாஸ்டர் திரும்பினார். முகமெல்லாம் ஈரம். மேடம் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்து, எப்போதும்போல மெதுவாகத் தலையசைத்தார்.

"ம்" என்றார்.

மாஸ்டர் சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்றைக்கு மேடத்துக்கு மனசு நிறைந்திருந்தது. மதியம் சாப்பிடும்போது, யார் என்று சொல்லாமல், "இன்னைக்கு ஒருத்தர் தன்னைத்தானே பாத்துட்டார். கஷ்டமா இருந்துச்சு, ஆனா பாத்துட்டார்" என்று கணவரிடம் சொன்னார். கூடக் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மாஸ்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெரிய உண்மை ஒன்றைச் சொன்னவர்கள் சில வாரம் வராமல் இருப்பது வழக்கம்தான் என்று மேடம் இருந்தார். பிறகு ஒருநாள் மாஸ்டரின் மனைவி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லி அனுப்பினீங்க?"

மேடம் புரியாமல் பார்த்தார்.

"பாப்பா செத்ததுக்கு நான்தானே காரணம்னு உங்ககிட்ட கேட்டாராம். நீங்க ஆமான்னு தலையாட்டினீங்களாம். வீட்டுக்கு வந்து சொல்றாரு, 'இத்தனை பேரும் இல்ல இல்லன்னு ஆறுதல் சொன்னீங்க. அவங்க ஒருத்தங்கதான் உண்மையைச் சொன்னாங்க. படிச்சவங்க, நமக்கு வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல, அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்'னு. அன்னைக்கே பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ்ல பெஞ்சுல படுத்துக்கிடக்காரு. சோறு கொண்டுபோனா, என் முகத்தைப் பாக்கவே அவருக்குத் தகுதி இல்லையாம்." அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பேசினா பாரம் குறையும்னுதானே கூட்டிட்டு வந்தேன்? நீங்க இன்னும் ஒரு மூட்டையைத் தூக்கி வச்சு அனுப்பியிருக்கீங்களே."

மேடம் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல், ஷட்டர், தோள் அசைவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"அவர் இங்க பேசினதை உங்ககிட்ட நான் பேசக்கூடாது" என்றார். "நான் செஞ்சதை மட்டும் சொல்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்னு ஏதோ சொன்னார். எனக்குக் காதுல விழல. இந்தக் காது கேக்காது."

"விழலைன்னா என்ன சொன்னீங்கன்னு திரும்பக் கேக்கறதுதானே?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வேறு யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேடம் கீழே இறங்கிப் போனார். கடையில் கணவர் ஒரு கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் தன் வலது பக்கம் வரும்படி மேடம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யாருடைய பெயரையும் சொல்லாமல், ஒருவர் கேட்ட கேள்வி காதில் விழாமல் தலையாட்டிவிட்டேன் என்றும், அதனால் ஒரு குடும்பம் பிரிந்து கிடக்கிறது என்றும் சொன்னார். கணவர் திருகாணி முடுக்குவதை நிறுத்தினார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"திரும்பக் கேட்டிருக்கலாம்" என்றார் மேடம். "ஏன் கேக்கலன்னு எனக்கே தெரியல."

"ஏன்னு கேக்காதே" என்றார் கணவர். "தலையாட்டினியே, அதுக்கு முன்னாடி என்ன?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"பயம். விழலன்னு தெரிஞ்சதும் வந்த பயம்."

"அதுக்கும் முன்னாடி?"

மேடம் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா துணி மில்லில் வேலை செய்தவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். சித்தப்பா ஒருவர், சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து அப்பாவிடம் பேசிக் காட்டுவார். அப்பா புன்னகையோடு தலையாட்டுவார். கூடம் முழுக்கச் சிரிக்கும். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அப்பாவும் சிரிப்பார்.

"நான் அவர் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். தலையாட்டாதீங்கப்பான்னு மனசுக்குள்ள கத்துவேன். அவர் ஆட்டிக்கிட்டே இருப்பார். கேக்கலன்னு ஒரே ஒரு தடவை சொன்னா என்னப்பான்னு தோணும். இப்ப தெரியுது. சொல்லிட்டா, அப்புறம் ஆள் கணக்குல சேத்துக்க மாட்டாங்கன்னு அவருக்குப் பயம்."

கணவர் கையிலிருந்த கண்ணாடியை வைத்துவிட்டு மேடத்தின் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இதை எனக்குச் சொன்னதில்லையே என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை மேடம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். தன்னிடம் வருகிறவர்களை அவர்கள் இடத்துக்கே தேடிப் போவது அவர் செய்கிற காரியம் இல்லை. ஒரே அறை. சுவரில் சாலைக் குறிகளின் படம், மூலையில் சுருட்டி வைத்த பாய், பெஞ்சின் கீழ் ஒரு பை. மாஸ்டர் வாசலில் நின்ற காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேடத்தைப் பார்த்ததும் துணியைப் பிழிந்து பானெட்டின்மேல் போட்டார்.

"உள்ள ஒரு பையன் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கான். கார்ல உக்காந்து பேசலாம் மேடம்."

பழக்கதோஷம், மாஸ்டர் தன் இடத்தில், அந்தத் தனி பிரேக் இருக்கிற பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மேடத்துக்கு ஸ்டியரிங் பக்கம்தான் மிஞ்சியது. மாஸ்டர் அவருடைய இடது பக்கம் இருந்தார். மேடம் உடம்பை முழுக்கத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"மாஸ்டர், அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னு நீங்க கேட்டது எனக்குக் கேக்கல. இந்தப் பக்கக் காது எனக்குக் கேக்காது. ரொம்ப நாளாவே கேக்காது, நான் மறைச்சு வச்சிருந்தேன். நான் தலையாட்டினது உங்க கேள்விக்குப் பதில் இல்ல. நீங்க கேள்வி கேட்டதே எனக்குத் தெரியாது."

மாஸ்டர் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "வீட்ல சொல்லி அனுப்பினாளா?"

"இல்ல. நானா வந்தேன்."

"எல்லாரும் இப்படித்தான் மேடம். நீங்க மட்டும் நிஜத்தைச் சொல்றீங்கன்னு நினைச்சேன். இப்ப நீங்களும் எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க."

"பொய் இல்ல மாஸ்டர்."

மாஸ்டர் முகத்தைக் கார்க் கதவின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது. சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் திரும்பினார்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

மேடத்துக்கு அவர் பேசியதே தெரியவில்லை. "தெரியல" என்றார்.

"சும்மா சொல்லுங்க."

"தெரியல மாஸ்டர். ஒண்ணுமே கேக்கல."

மாஸ்டர் அவர் கண்களைத் துருவிப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் உதடு கோணியது. நின்றுகொண்டிருந்த வண்டியின் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கனத்த உடம்பு குலுங்கியதில் வண்டியே லேசாக ஆடியது. அவர் என்ன சொன்னார் என்று மேடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்தபின் மாஸ்டர் வண்டியைச் சுற்றி நடந்து வந்து, மேடத்தின் வலது பக்கக் கண்ணாடி அருகே குனிந்து நின்றார்.

"இந்தப் பக்கம் கேக்குமில்ல?"

"கேக்கும்."

"அப்ப சொல்லுங்க. நான்தானே காரணம்?"

இத்தனை வருஷம் மேடம் யாருக்கும் பதில் சொன்னதில்லை. உங்களுக்கு என்ன தோணுது என்று திருப்பிக் கேட்டுவிடுவது அவருக்குக் கைவந்த வேலை. அன்று அப்படிக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

"அவளுக்கு வலிக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. அது உண்மை" என்றார். "அந்த வார்த்தைக்கு வருந்த வேண்டியது நீங்கதான். உங்களுக்குப் பதிலா வேற யாரும் வருந்த முடியாது. ஆனா பொண்ணு போகணும்னு நீங்க நினைக்கல. வளைவுல லாரியைத் திருப்பினது நீங்க இல்ல. நான் பாத்த வரைக்கும் இதுதான். இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மாஸ்டர் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"சாயங்காலம் வந்து சமாதானம் சொல்லியிருப்பேன் மேடம்" என்றார். "போய்ட்டு வாடான்னு சொல்லியிருப்பேன். சாயங்காலம் வரைக்கும்தான் அந்தக் கோபம் தாங்கும் எனக்கு. எப்பவும் அப்படித்தான்."

பிறகு, வகுப்புக்கு ஆள் வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

மாஸ்டர் சில வாரங்கள் கழித்து வீட்டுக்குத் திரும்பினார் என்று கணவரின் கடைக்கு வந்த யாரோ சொல்லித் தெரிந்தது. டிரைவிங் ஸ்கூலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஒரு பணிமனையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாராம். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறார், சாலையில் ஏறுவதில்லை. மேடத்தின் படியை அவர் மறுபடி ஏறவில்லை. வேறு ஊரில் இருந்த ஓர் ஆலோசகரின் விலாசத்தை மேடம் எழுதி அனுப்பினார். அவர் போனாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

மேடம் இரண்டு காதுகளுக்கும் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார். முதல் நாள் எல்லாம் ஒரே இரைச்சல். காற்றாடி, தட்டு, தன் செருப்பு, தன் குரல். கணவர் உண்மையிலேயே வாய்க்குள் பேசுகிறவர்தான் என்று அப்போதுதான் நிரூபணமானது. தன்னிடம் வந்துகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் மேடம் விஷயத்தைச் சொன்னார். "எனக்குக் காது சரியாக் கேக்காம இருந்துச்சு. நீங்க சொன்னதுல சிலது எனக்கு விழாம போயிருக்கலாம். ஏதாவது சொல்லி, நான் சும்மா தலையாட்டினதா ஞாபகம் இருந்தா, திரும்பச் சொல்லுங்க." சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளி ஆசிரியர் மட்டும் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு இருக்கு மேடம்" என்று, முன்பு எப்போதோ சொன்ன ஒன்றை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார். மேடம் அதை உண்மையிலேயே முதல் தடவையாகக் கேட்டார். இப்படி இன்னும் எத்தனை பேருடைய எத்தனை பேச்சுகள் அந்த அறையில் விழுந்து கிடக்கின்றனவோ என்ற நினைப்பு அதற்குப்பின் அவரைவிட்டுப் போகவே இல்லை. படியேறும்போதும் வரும், சாப்பிடும்போதும் வரும்.

அடுத்த மழைக்காலத்தில் மாஸ்டரின் மனைவி வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். மேடம் தயங்கினார். உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தவர், நீங்கள் வேறு யாரிடமாவது போவதுதான் முறை என்று எடுத்துச் சொன்னார்.

"நீங்கதான் வேணும்" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேன். நீங்க சாக்கு சொல்லல. எங்க குடும்பத்துல யாரும் எதையும் ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல."

மேடம் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அந்த அம்மா கைப்பையைத் திறந்தார், மூடினார். பிறகு ஜன்னலைப் பார்க்காமல், மேடத்தின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"எனக்கும் கார் ஓட்டத் தெரியும் மேடம். கல்யாணமான புதுசுல அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அன்னைக்குச் சாவி சமையல்கட்டு ஆணியிலதான் தொங்கிச்சு. பாப்பா அவரைக் கேட்டது எனக்குக் கேட்டுச்சு. அவர் போன்னு சொன்னதும் கேட்டுச்சு. அந்தக் குரல் எனக்குத் தெரியும், எதுக்கு அந்தக் குரல்னும் தெரியும். நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். அவ ஒரு தடவை சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பாத்தா."

கைப்பையை மறுபடி திறந்து மூடினார்.

"எல்லாரும் அவரைத் திட்டினாங்க. இல்லன்னா அவரைப் பாவம்னாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. நீ எங்கடி இருந்தேன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அவரும் கேக்கல."

"எட்டிப் பாத்தப்போ நீங்க என்ன பண்ணினீங்க?" என்றார் மேடம்.

"திரும்பல. கையெல்லாம் சோப்பா இருந்துச்சு மேடம். அதான்."

அதற்குமேல் அன்று அவரால் பேச முடியவில்லை. மேடமும் அவசரப்படுத்தவில்லை. வெளியே தூறல் தொடங்கியிருந்தது. இருவரும் அந்த அறையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.